புள்ளி நாலு

கண்ணாடிக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கு அவர் தங்கச்சி. எங்களுக்கு முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் 'புள்ளி நாலு'. அந்தப் பட்டப்பெயரை நான்தான் வைத்தேன் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. வைத்தது முதலாளி. பரப்பியது நான்.

நான் அந்தக் கடையில் வண்டி ஓட்டினேன். பின்பக்கம் கூரை வடிவில் சட்டம் அடித்த சின்ன லாரி. அந்தச் சட்டத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு, பள்ளம் மேட்டில் மூச்சைப் பிடித்தபடி ஓட்டுவேன். அளவெடுக்க அக்காவைக் கூட்டிப்போவதும் என் வேலைதான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லி. கைப்பையில் எப்போதும் ஒரு டேப், இரண்டு பென்சில், நீல அட்டை போட்ட நோட்டு இருக்கும்.

அளவு விஷயத்தில் நாங்கள் எல்லாருமே இரண்டு படகில் கால் வைத்தவர்கள். ஆள் உயரத்தை அடியில் சொல்வோம், எடையைக் கிலோவில் சொல்வோம். பெட்ரோல் லிட்டரில், டி.வி. இஞ்சில். வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்றால் வெயில் கொளுத்துகிறது என்போம், பிள்ளைக்கு நூற்றிரண்டு டிகிரி என்றால் காய்ச்சல் கொளுத்துகிறது என்போம். இரண்டும் வேறு வேறு டிகிரி என்று யார் யோசித்தார்கள்? கண்ணாடிக் கடையில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். "அஞ்சு எம்.எம். கண்ணாடி, நாலுக்கு மூணுல ஒண்ணு போடுங்க" என்று ஆள் வந்து நிற்பான். கனம் மில்லிமீட்டரில், நீள அகலம் அடியில். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவான்.

அக்கா அப்படி இல்லை. படம் வரையும் படிப்பை இரண்டு வருடம் படித்தவர். பிறகு ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தார். தலைமுடியின் கனத்தைக்கூட அளக்கிற கருவிகள் அவர் கையில் புழங்கியிருக்கின்றன. தொழிற்சாலை மூடிய அதே வருடம் அவருடைய அப்பாவும் இறந்துபோனார். அப்பா வைத்த கண்ணாடிக் கடை அண்ணன் கைக்கு வந்தது. அக்காவின் கணவர் ஏற்கெனவே அங்கே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். "வெளியில எதுக்கு வேலை தேடுற? இது உன் கடைதானே" என்று அண்ணன் கூப்பிட்டார். உன் கடைதானே என்பதற்கு, சம்பளம் பற்றிக் கேட்காதே என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அது அவருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு விதத்தில் அவர் வந்தது கடைக்குப் பெரிய வசதியாக இருந்தது. பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது படுக்கையறைக்கும் குளியலறைக்கும் அளவெடுக்க ஆம்பளை போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அக்கா போனால் உள்ளே விட்டு, தண்ணீரும் கொடுத்து, மாமியார் கதையும் சொல்வார்கள். அவர் கதையைக் கேட்டுக்கொண்டே ஜன்னலை மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழே ஒருமுறை அளப்பார். பிறகு மூலைக்கு மூலை. "சுவரு நேரா இருக்கும்னு நம்புறவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது தம்பி" என்பார். எல்லாம் மில்லிமீட்டரில்தான் எழுதுவார். ஆனால் கடையில் கண்ணாடி வெட்டும் மேசையில் அவர் அப்பா பித்தளை ஆணி அடித்துக் குறித்துவைத்த இஞ்சுக் கட்டைதான் இருந்தது. அதனால் ஒவ்வொரு சீட்டிலும் மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் இஞ்சும் நூலும் போட்டுத் தருவார். எட்டு நூல் ஒரு இஞ்சு. அரை நூல் வரைக்கும் எழுதுவார்.

முதலாளிக்கு அந்தச் சிவப்புப் பென்சில் பிடிக்காது. அவர் எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடுவார். அதில் அவருக்குப் பெருமை. ஒருநாள் ஒரு குளியலறைக் கண்ணாடிக்கு அளவு சொல்லும்போது அக்கா குறுக்கே பேசினார்.

"இருபத்தஞ்சால வகுக்காதீங்கண்ணே. ஒரு இஞ்சுக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு."

"அந்தப் புள்ளி நாலை வச்சு நான் என்ன பண்ண? கம்மல் செஞ்சு போட்டுக்கோ."

கடையே சிரித்தது. அக்காவின் கணவரும் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த பெயர் அது.

முதலாளி பேச்சிலும் நியாயம் இருந்ததுதான். ஒரு அடி, ஒன்றரை அடி கண்ணாடிக்கு அந்தப் புள்ளி நாலை விட்டாலும் குடி முழுகாது. ரப்பர் பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். சாதாரணக் கண்ணாடியென்றால் பெரிதாகிவிட்டாலும் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். அக்கா அதையெல்லாம் தெரிந்தும் விடமாட்டார். "சின்னதுல பழகுனதுதான் பெருசுல கைக்கு வரும்" என்பார். அதற்கும் சிரிப்போம்.

பெருசு வந்தது. நாலு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. ஒரே மாதிரி நாற்பத்தெட்டு ஜன்னல். அத்தனையும் டஃபன் கண்ணாடி. அதாவது, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி. அதை நம் கடையில் செய்ய முடியாது. கண்ணாடித் தொழிற்சாலைக்கு அளவு கொடுத்தால் அவர்களே வெட்டி, காய்ச்சி அனுப்புவார்கள். ஒருமுறை காய்ச்சிவிட்டால் அதோடு சரி. வெட்டவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. ஓரத்தில் கைவைத்தால் முழுக் கண்ணாடியும் பொரியாகச் சிதறும். எங்கள் கடை எடுத்த வேலைகளிலேயே அதுதான் பெரியது.

அக்கா மூன்று நாள் அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கினார். லிஃப்ட் இன்னும் வரவில்லை. சிமெண்ட் தூசி நெற்றியில் மாவு பூசியதுபோல் இருக்கும். நாற்பத்தெட்டையும் தனித்தனியாக அளந்தார். சட்டத்துக்குள் உட்கார வேண்டிய இடைவெளி கழித்து, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஓர் அளவு எடுத்தார். உயரம் ஆயிரத்தைந்நூறு, அகலம் ஆயிரத்திருநூறு. மில்லிமீட்டர்.

நாலாம் நாள் காலையில் அவர் மகளுக்குக் காய்ச்சல். நான் வீட்டுக்குப் போனபோது தோளுக்கு வளர்ந்த மகளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து தாளை நீட்டினார்.

"இதை அண்ணன்கிட்ட குடு தம்பி. எல்லாம் எம்.எம்.ல இருக்கு. தொழிற்சாலைக்கு அப்படியே அனுப்பச் சொல்லு. இஞ்சுக்கு மாத்தவே வேண்டாம்னு சொல்லு. மறந்துடாத."

மறக்கவில்லை. கடைக்குப் போனதும் சொன்னேன். முதலாளி தாளை வாங்கிப் பார்த்து, "இவ எனக்குப் பாடம் எடுக்குறாளா?" என்றார். சதுர அடி எவ்வளவு என்று தெரிந்தால்தானே விலை பேச முடியும் என்று தாளைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் வகுக்க ஆரம்பித்தார். நான் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"ஆயிரத்தைந்நூறு... அறுபது இஞ்சு. ஆயிரத்திருநூறு... நாப்பத்தெட்டு இஞ்சு. பாருடா, அஞ்சுக்கு நாலு அடி! என்ன அழகா வருது கணக்கு!"

எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. பொய்யான கணக்கு இப்படி மிச்சமில்லாமல் வகுபடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் போனை எடுத்து, "அறுபதுக்கு நாப்பத்தெட்டு, இஞ்சு, நாப்பத்தெட்டுப் பீஸ்" என்று தொழிற்சாலைக்குச் சொன்னார். என் காதால் கேட்டேன்.

உண்மையில் ஆயிரத்தைந்நூறு மில்லிமீட்டர் என்பது ஐம்பத்தொன்பது இஞ்சும் அரை நூலும். கிட்டத்தட்ட ஓர் இஞ்சு கூடப் போய்விட்டது. அகலத்தில் முக்கால் இஞ்சு.

பதினோரு நாள் கழித்துக் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து நேரே கட்டடத்தில் இறங்கியது. அக்கா அன்று வேறொரு வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் முதல் கண்ணாடியைத் தூக்கி, அக்காவின் கணவர் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அப்படியே. டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடிவந்தார். பின்னாலேயே கட்டட ஒப்பந்தக்காரர். அடுத்த வாரம் திறப்பு விழா. அழைப்பிதழ் அடித்தாயிற்று.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"ஒண்ணுமில்ல சார், லேசா ஓரம் தேய்ச்சா உட்கார்ந்துடும்" என்றார் முதலாளி. அவர் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. "மாப்ளே, கிரைண்டரை எடு."

"மச்சான், இது டஃபன்."

"எனக்குத் தெரியாதா? ஒண்ணே ஒண்ணை மெதுவாத் தேய்ச்சுப் பாரு."

"தேய்ச்சா வெடிக்கும் மச்சான். உங்களுக்கே தெரியும்."

முதலாளி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தாளு பாத்துட்டு நிக்குறாரு. நம்ம ஏதோ செய்யுறோம்னாவது தெரியட்டும். என் மானத்தை வாங்காத."

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி என் லாரியின் முன்பெட்டியில் கிடந்தது. மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். நான் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. மச்சான் மானத்துக்காக ஒரு மனிதன், நடக்காது என்று தெரிந்த காரியத்தைச் செய்யக் குனிந்தான். கிரைண்டர் சத்தம் கேட்டு ஐந்தெண்ணுவதற்குள் வெடித்தது. பட்டாசு போல ஒரே சத்தம். தரை முழுக்க உப்புக்கல் கொட்டியதுபோல் கண்ணாடி. அவர் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

மருத்துவமனை நடையில் அக்கா வந்து சேர்ந்தபோது அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் இருந்தோம். அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? தங்கையின் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அளவெடுத்தது நீதானே? பாரு, எங்க வந்து நிக்குதுன்னு."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கைப்பை தோளிலிருந்து வழுக்கி முழங்கையில் தொங்கியது. அதை ஏற்றிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தான் தப்பாக அளந்திருக்க முடியுமா என்று அந்தக் கணம் அவரே யோசித்தார் என்று நினைக்கிறேன். இவ்வளவு வருடம் கேலி பேசிய எங்கள் சிரிப்புக்கெல்லாம் அசையாதவர், அன்று தன்னையே சந்தேகப்பட்டார்.

ஆறு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கட்டடத்துக்குப் போகணும்." போனோம். நாற்பத்தெட்டு ஜன்னலையும் மறுபடி அளந்தார். ஒவ்வொன்றாக நோட்டோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை. பிறகு கீழே அடுக்கிவைத்திருந்த கண்ணாடியை அளந்தார். ஆயிரத்தைந்நூற்று இருபத்து நாலு. டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்தார். சரியாக அறுபது இஞ்சு. அதற்குமேல் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இருபத்தஞ்சால வகுத்திருக்காரு" என்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

நேரே கடைக்குப் போனோம். முதலாளி நோட்டைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பதை முகம் சொன்னது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"இந்த நோட்டை நேத்துக்கூட எழுதியிருக்கலாமே."

"நான் குடுத்த தாளை எடுங்க. அது பொய் சொல்லாது."

"அது எங்கயோ போயிடுச்சு. கண்ணு போன பதட்டத்துல தாளை யாரு பத்திரப்படுத்துனா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, தாளை நீதானே கொண்டுவந்து குடுத்தே? இவரு போன் பண்ணும்போது இங்கதானே இருந்தே? என்ன சொன்னாருன்னு சொல்லு."

முதலாளியும் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வண்டிச் சாவி அவர் மேசைமேல் இருந்தது. அதை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான். எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

"நான் வண்டி ஓட்டுறவன்க்கா. எனக்கு எம்.எம்.மும் தெரியாது, இஞ்சும் தெரியாது."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி தம்பி" என்றார். அவ்வளவே. அதன் பிறகு இரண்டு வருடம் அந்த 'சரி தம்பி' என் காதில் கிடந்தது.

மூன்றாம் நாள் முதலாளி ஒரு கடிதம் தயாரித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். பழங்கள் வாங்கிப் போனார். நான்தான் ஓட்டிப் போனேன். பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் போனேன். கடிதத்தில் இருந்தது இரண்டே வரிதான். 'அளவெடுத்ததில் தவறு நேர்ந்தது என்னால்தான். அதற்கு நானே பொறுப்பு.' கீழே அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒப்பந்தக்காரன் பதில் கேக்குறான்" என்றார் அண்ணன். "வேலைக்காரங்க தப்பு, ஆளை வேலையை விட்டு எடுத்துட்டோம்னு காட்டினா மிச்ச வேலையை நமக்கே குடுப்பான். முதலாளியே தப்புன்னு போனா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். கடை மூடினா மாப்ளைக்கு யாரு வேலை குடுப்பா? ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எந்தக் கடையில கண்ணாடி வெட்டுவாரு?"

அக்கா கட்டிலைப் பார்த்தார். கணவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதி முகம் கட்டுக்குள்.

"நீங்க சொல்லுங்க. என் அளவு சரி. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் முகத்துக் கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உன் அளவு சரின்னே வச்சுக்கோ. என் கண்ணு வந்துடுமா?"

"அதுக்கில்லங்க..."

"போட்டுக் குடு. கையெழுத்துதானே. நீ சரியா இருந்து இப்ப யாருக்கு என்ன ஆகப்போகுது?"

அக்கா கையெழுத்துப் போட்டார். கட்டில் ஓரத்தில் நோட்டை அடிக்கு வைத்து, அதன்மேல் கடிதத்தை வைத்துப் போட்டார். அண்ணன் மை காயும்வரை ஊதினார். ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துத் தங்கை கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை உண்டு என்ற சொல்லை முதலாளி எட்டு மாதம் காப்பாற்றினார். மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தன. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்குத் தூரம் பிடிபடாது. கட்டையின் ஓரத்தில் வெட்டுச் சக்கரத்தை வைக்கும்போது ஒரு நூல் தள்ளி விழும், சில நேரம் இரண்டு நூல். "ரெண்டு நூல் பிசகுது மாப்ளே" என்று முதலாளி முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஓர் இஞ்சு பிசகிய மனிதர் சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். பிறகு, "உடம்பைப் பாத்துக்கோங்க, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். கொஞ்ச நாள் முடியவே இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

அக்கா வேறு கண்ணாடிக் கடைகளில் கேட்டுப் பார்த்தார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நாற்பத்தெட்டு கண்ணாடியைப் பாழாக்கியவர், புருஷன் கண்ணைப் போக்கியவர் என்று அவருக்கு முன்னாலேயே பேச்சு போய் உட்கார்ந்திருந்தது. "நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாமே" என்று ஓர் இடத்தில் நேரடியாகவே கேட்டார்களாம். அண்ணன் வீட்டுப் போக்குவரத்து நின்றது. அதையும் அண்ணன்தான் நிறுத்தினார். பொய்க்குக் கையெழுத்து வாங்கியவனால் கையெழுத்துப் போட்டவர் முகத்தில் முழிக்க முடியாதல்லவா?

கடை நன்றாகத்தான் நடந்தது. முதலாளி புதிதாக ஒரு கருவி வாங்கினார். சுவரில் சிவப்பு வெளிச்சம் அடித்தால் அளவு எண்ணாக வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் இஞ்சு, மறுபடி அழுத்தினால் எம்.எம். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "இனிமே மனுஷத் தப்புக்கே இடமில்ல" என்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

போன மாதம் என் மனைவி கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்றாள். துணிக்கடைக்குப் போனோம். இரண்டு மாடிக் கடை. திரைத்துணிப் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கடைக்காரர்கள் போடும் நீலக் கோட்டு அவருக்குத் தோளில் தொளதொளத்தது.

"வாங்க தம்பி. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார், நேற்றுப் பார்த்தவரைப் போல.

அஞ்சு மீட்டர் கேட்டோம். மேசை ஓரத்தில் பதித்த பித்தளைப் பட்டையில் துணியை வைத்து மடக்கி மடக்கி அளந்தார். ஐந்து முறை. கத்தரித்து, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தார். கை அதே கைதான். ஒரு மடிப்புக்கூடக் கோணவில்லை.

வீட்டில் தைக்கப்போகும்போது மனைவி கூப்பிட்டாள். "துணி குறையுதே?" என் டேப்பை எடுத்து அளந்தேன். நாலு மீட்டர் ஐம்பத்தேழு சென்டிமீட்டர். இரண்டாவது தடவையும் அதே. வருடக்கணக்காகக் கண்ணாடி சுமந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? அந்தப் பித்தளைப் பட்டை மீட்டர் இல்லை, கெஜம். மீட்டரைவிட நாலைந்து விரற்கடை குறைவு. மீட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு கெஜத்தில் அளந்து தருகிறது கடை. ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு ஆளுக்கும்.

"உங்க அக்காவே உங்களை ஏமாத்திட்டாங்க பாருங்க" என்றாள் மனைவி. அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் தனியாகப் போனேன். சண்டை போடப் போகவில்லை. எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைப் பார்த்ததும் மேசையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தார்.

"குறையுதா?" என்றார் மெதுவாக.

"நாப்பத்து மூணு சென்டி."

"நாப்பத்தி ரெண்டு புள்ளி எட்டு." சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டவர்போல் பட்டையைத் துணியால் துடைத்தார். "வந்த முதல் நாளே கண்டுபிடிச்சேன். ராத்திரிவரைக்கும் யோசிச்சேன், சொல்லலாமா வேண்டாமான்னு. மகள் இந்த வருஷம் கல்லூரிக்குப் போறா தம்பி."

நியாயம் பேச எனக்கு ஏது வாய்? ஆனாலும் அதுவரைக்கும் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு எனக்குத் தெரியும். அறுபதுக்கு நாப்பத்தெட்டுன்னு அவரு போன்ல சொன்னதைக் கேட்டேன். இப்ப வேணும்னா வந்து சொல்றேன். எங்க வேணும்னாலும்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் அலுப்பு மட்டும்தான் இருந்தது.

"யாருகிட்ட?" என்றார்.

ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். அண்ணனிடமா? அவருக்குத் தெரியும். கணவரிடமா? அவருக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களில் தெரியாதவர் யாரும் பாக்கி இல்லை.

அவர் அதே திரைத்துணிச் சுருளை இறக்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பட்டையில் வைக்காமல், கைக்கணக்கில் அரை மீட்டர் கத்தரித்து, ஒரு பழைய காகிதத்தில் சுருட்டி நீட்டினார். "மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க, ஒட்டு தெரியாது. யாருகிட்டயும் காட்டாதீங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் பிடிபட்டால் வேலை போகும். எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன், சட்டைக்குள் செருகிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கா துணிச் சுருளைப் பட்டையின் மேல் நேராக வைத்து அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை மீட்டர்ம்மா?"